உன் புத்தகத்திலிருந்து நான் கிழித்த பக்கம்

ராசா,

இன்று காலை எழுந்ததும், முகம் கழுவ முன்னர், தேநீருக்குத் தண்ணீர் வைக்க முன்னர், நான் செய்த முதல் வேலை உன் மருத்துவப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை ஒட்டியது. நீ பிறந்தபோது ஆஸ்பத்திரியில் தந்த அதே கார்னேதான். ஊசி போட்ட திகதிகளும் உயரமும் நிறையும் எழுதி, மூலைகள் மழுங்கிப்போன புத்தகம். வியாழக்கிழமை வைத்தியரிடம் காட்ட வேண்டும், தேடி எடுத்து வையுங்கள் என்று ஞாயிறு பின்னேரம் நீ சொன்னாய். "எங்கையாவது கிடக்கும், பாக்கிறன்" என்றேன். தேட ஒன்றுமில்லை. அந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது, அதில் எந்தப் பக்கம் இல்லை, இல்லாத பக்கம் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் பதினாறு வருடங்களாக எனக்குத் தெரியும். என் பட்டச் சான்றிதழ் வைத்திருக்கும் கோப்பின் பின்னட்டைக்குள் அது நாலாக மடித்துக் கிடந்தது. அப்பா குளித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் விழும் சத்தம் நிற்பதற்குள் ஒட்டி முடிக்க வேண்டும் என்று அவசரப்பட்டதில் பக்கம் கோணலாக ஒட்டிக்கொண்டது. கிழித்த கோடு அப்படியே தெரிகிறது. பார்த்த உடனே யாருக்கும் விளங்கும். விளங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று தொலைபேசியில் நீ பிரெஞ்சிலேயே பேசினாய். பயம் வந்தால் உனக்குத் தமிழ் வராது, எனக்குப் பிரெஞ்சு வராது. தாதி வேலைக்குச் சேர்வதற்கு முன்னர் எடுத்த இரத்தச் சோதனையில் காசநோய்க் கிருமி உன் உடம்புக்குள் எப்போதோ வந்திருக்கிறது என்று காட்டுவதாகச் சொன்னாய். வியாழன் நெஞ்சுப் படம், அதன் பிறகு வைத்தியர். வீட்டில் யாருக்கும் இருந்ததா, சின்ன வயதில் மருந்து எடுத்தாயா என்று கேட்டார்களாம். இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாய். பிறகு உன் குரல் மாறியது. பயிற்சிக் காலத்தில் நீ குளிப்பாட்டிவிட்ட அந்தக் கிழவரைத் திட்டத் தொடங்கினாய். எப்போதும் இருமிக்கொண்டிருந்தாராம், முகமூடி போட்டுவிட்டால் கழற்றி எறிவாராம், அவர்தான் இதைத் தந்திருக்கிறார் என்றாய். ஒரு நோயாளியைப் பற்றி நீ அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. படம் எடுத்து முடியும்வரை ஸ்தேனில் உன் அறையிலேயே இருப்பதாகவும், அப்பாவுக்குத் தொற்றிவிடும் என்பதால் வீட்டுப் பக்கம் வரப்போவதில்லை என்றும் சொன்னாய்.

"இருமல் இருக்கோ?" என்று கேட்டேன்.

"இல்லை அம்மா." இதை மட்டும் தமிழில் சொன்னாய்.

"இரவில வேர்க்குதோ? நிறை குறைஞ்சிருக்கோ?"

"அம்மா, இது உங்கடை படம் எடுக்கிற கமியோன் இல்லை. என்னை விடுங்கோ."

நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். தொலைபேசியை வைத்த பிறகு குளியலறைக்குள் போய்த் தொட்டியின் விளிம்பில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். 

அந்தக் கிழவர் உனக்கு எதையும் தரவில்லை, ராசா. உனக்கு அது வந்தது ஆறு வயதில், லா ஷப்பலில் இதே நாலாம் மாடி வீட்டில், நான் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் இதே மேசையில். கொண்டு வந்தவர் குருவாசோன் மாமா. உனக்கு அவரை ஞாபகம் இருக்குமோ தெரியாது. அப்பாவுடன் ஒரே ஊரில் படித்தவர். ஒரு கஃபேயின் குசினியில் வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மிஞ்சிய குருவாசோன் பணிஸ்களைக் கடதாசிப் பையில் போட்டுக்கொண்டு வருவார். நீ அவர் மடியில் ஏறி இருந்து, பையைத் திறந்து மணந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவாய். அந்தப் பெயரை வைத்ததும் நீதான். அவர் கனடாவுக்குப் போய்விட்டார் என்று உனக்குச் சொன்னோம். போகவில்லை. அவர் கொண்டு வந்தார் என்று எழுதினேனே, அதைப் படித்துவிட்டு அவரைத் திட்டத் தொடங்காதே. உன் அப்பா அதைத்தான் செய்தார், நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிழை என்னுடையது. அது எப்படி என்று முதலிலிருந்து சொல்கிறேன். எழுதத் தொடங்கிய பிறகும் இரண்டு தடவை எழும்பிப் போய்க் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டேன். வீட்டில் யாருமில்லை என்று தெரிந்தும்.

எங்கள் சுகாதாரச் சங்கத்துக்கு நான் போகத் தொடங்கியபோது அதில் சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள் இரண்டு பேர்தான். மற்ற எல்லோரும் என்னைப்போலச் சும்மா வந்த தொண்டர்கள். யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படித்துப் பட்டம் எடுத்தவள், இங்கே வந்து ஏழெட்டு வருடமாக உன்னை வளர்ப்பதும் சமைப்பதுமாக இருந்தேன். ஒரு வேலையும் இல்லாதவள் என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்காகவும் போனேன், பொய் சொல்லவில்லை. மடிக்கிற மேசை, குளிரில் எழுத மறுக்கும் பேனைகள், யாரும் வாங்காத துண்டுப்பிரசுரங்கள், சுடுதண்ணிப் போத்தலில் தேநீர், எல்லோருக்கும் ஒரே அளவில் தைத்த செம்மஞ்சள் மேலங்கி. என்னோடு தொண்டுக்கு வந்த செல்வராணி அக்காவுக்கு அது இடுப்பில் பொருந்தாது, எனக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கும். சில ஞாயிற்றுக்கிழமைகளில் நெஞ்சுப் படம் எடுக்கும் கமியோன், பெரிய லொறி, வந்து கடைத் தெரு முனையில் நிற்கும். மரக்கறி வாங்க வருபவர்களை மறித்துக் கூட்டி வருவது செல்வராணி அக்காவின் வேலை. "வாங்கோ வாங்கோ, படம் சும்மா எடுக்கிறம், பிரேம் மட்டும் போட்டுத் தரமாட்டம்!" என்று தெரு முழுக்கக் கேட்கச் சத்தம் போடுவார். ஆட்கள் சிரித்துக்கொண்டே வருவார்கள். மேசையில் இருந்து பெயர், பிறந்த திகதி, விலாசம், தொலைபேசி இலக்கம் எழுதுவது என் வேலை. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று மொனிக் அதை எனக்குத் தந்தார். மொனிக்தான் எங்களுக்குப் பொறுப்பான தாதி. கண்டிப்பானவர், நல்லவர்.

மொனிக்குக்குத் தெரியாத ஒரு கேள்வி அந்த மேசையில் இருந்தது. பெயர் எழுதுவதற்கு முன்னர் நான் தமிழில் கேட்பேன்: "எந்தப் பேர் எழுதட்டும்?" இதைக் கேட்டு ஒருவர்கூட ஆச்சரியப்பட்டதில்லை. நீ இங்கே பிறந்தவன், உனக்கு ஒரு பெயர்தான். எங்கள் ஆட்களில் பலருக்கு அம்மா வைத்த பெயர் ஒன்று, அகதி விண்ணப்பத்தில் போட்ட பெயர் ஒன்று, அது நிராகரிக்கப்பட்ட பிறகு வேலைக்குப் போவதற்காக வேறொருவரின் அட்டையில் இருந்து எடுத்த பெயர் இன்னொன்று. எந்தக் கந்தோரில் எந்தப் பெயரைச் சொன்னோம் என்று மறந்துபோனால் வாழ்க்கை போய்விடும். ஊரில் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையும் வாயும் ஒரே பெயரைச் சொல்லாதபோது என்ன நடந்தது என்று நாங்கள் பார்த்திருக்கிறோம். அந்தப் பயத்தை நாங்கள் விமானத்தில் ஏற்றிக் கொண்டு வந்தோம். ஆகவே அந்தக் கேள்வியை நான் கருணை என்று நினைத்தேன். பிரெஞ்சுக்காரர் யாருக்கும் தோன்றாத, எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும் என்று காட்டுகிற கருணை.

உனக்கு ஆறு வயதான அந்த வருடம், தை மாதக் குளிரில் ஒரு ஞாயிறு, செல்வராணி அக்கா குருவாசோன் மாமாவைக் கையில் பிடித்து இழுத்து வந்தார். பிடித்த தடிமன் விடுகிறதில்லை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்த காலம். என் மேசைக்கு முன்னால் நின்று, நான் கேட்கவே முன்னர், தன் சொந்தப் பெயரைச் சொன்னார்: ....................... இந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன், ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். நான் பேனையை எடுக்கவில்லை. குனிந்து மெல்லச் சொன்னேன்:

"அண்ணை, அது இஞ்சை வேண்டாம். வேலை அட்டையில இருக்கிற பேரைச் சொல்லுங்கோ."

"ஏன் பிள்ளை, இது இருமலுக்குத்தானே? பொலிசுக்கு இல்லையே?"

"எல்லாக் கடதாசியும் ஒண்டோட ஒண்டு பொருந்த வேணும் அண்ணை. பிறகு கரைச்சல்."

 அவர் சிரித்தார். "அப்ப படத்துக்கும் அவன்ரை நெஞ்சைக் கொண்டு வரட்டோ?"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் சொல்லச் சொல்ல மற்றப் பெயரை எழுதினேன். அந்தப் பெயருக்குரியவர் பொண்டியில் இருந்த அவருடைய தூரத்து மச்சான் ஒருவர். பெயரோடு விலாசமும் பொருந்த வேண்டும் என்று அந்த மச்சானின் விலாசத்தையும், தொலைபேசி இலக்கத்தையும்கூட எழுதினேன். குருவாசோன் மாமாவின் சொந்த இலக்கம் என் தொலைபேசியிலேயே இருந்தது, ராசா. வீட்டுக்கு வர முன்னர் எடுத்து, என்ன வேண்டும் என்று கேட்கிற இலக்கம்.

படத்தில் ஏதாவது தெரிந்தால்தான் கடிதம் போகும், ஒன்றும் இல்லாவிட்டால் வராது. கமியோனின் வழக்கம் அது. கடிதம் போனது, பொண்டிக்கு. அந்த மச்சான் அதற்குச் சில கிழமைகளுக்கு முன்னரே கனடாவுக்குப் போயிருந்தார். கடிதத்தை எடுக்க ஆள் இல்லை, தொலைபேசியும் துண்டித்திருந்தது. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் மொனிக், தொடர்பு கொள்ள முடியாதவர்களின் பட்டியலை வாசிப்பார். அந்தப் பெயரை மூன்று கூட்டங்களில் வாசித்தார். "உங்களில் யாருக்காவது இவரைத் தெரியுமா? அவசரம்" என்று கேட்டார். மூன்று தடவையும் நான் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, தெரியாது என்று தலையாட்டினேன். மறைக்கவில்லை. உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை. அது கடதாசிக்காக நான் எழுதிய பெயர். எழுதி முடித்ததும் மறந்துவிட்டேன், அந்தப் பெயருக்கு எனக்குள் ஒரு முகமும் இருக்கவில்லை. நான் என்னை நினைத்துப் பயப்படத் தொடங்கியது இந்த இடத்தில்தான். பொய்யனைப் பிடித்துவிடலாம். தான் செய்தது சரி என்று நம்பிக்கொண்டு தலையாட்டுகிறவளை யார் பிடிப்பது?

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வந்துகொண்டுதான் இருந்தார். "படத்தில ஒண்டுமில்லை போல பிள்ளை, கடிதம் வரேல்லை" என்றார். "வராட்டில் நல்லதுதான் அண்ணை" என்றேன். மல்லியும் சுக்கும் அவித்துக் கொடுத்தேன். நீ அவர் மடியில் இருந்தாய். அவர் முகத்தைத் திருப்பி இருமுவார், நீ அவர் மாதிரியே இருமிக் காட்டுவாய், எல்லோரும் சிரிப்போம். மாசி, பங்குனி, சித்திரை. அவர் மெலிந்ததை நான் கவனிக்கவில்லையா என்று நீ கேட்கலாம், இப்போது நீ தாதி. அது 2009. அந்த மாதங்களில் மெலியாத ஆள் யார்? எல்லோரும் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு வன்னியில் இருந்து ஒரு குரலுக்காகக் காத்திருந்தோம். எவரும் உறங்கவில்லை, எவரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இரவில் வேர்க்கிறது என்று அவர் சொன்னபோது, எங்களுக்கும் அப்படித்தான் என்றார் அப்பா. குருவாசோன் மாமாவின் தங்கை குடும்பம் வன்னிக்குள் இருந்தது. நோயைத் துக்கம் என்று நினைத்தோம்.

மே மாதம், எல்லாம் முடிந்த அதே கிழமையில், கஃபேயின் குசினியில் அவர் இரத்தமாக இருமினார். ஆஸ்பத்திரியில் ஒரு தமிழருக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று சங்கத்துக்கு அழைப்பு வந்தது. மொனிக் என்னை அனுப்பினார். போகும்போதும் எனக்கு யார் என்று தெரியாது. முகமூடி போட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன், கட்டிலில் அவர், தலைமாட்டில் அவருடைய சொந்தப் பெயர். அப்போதுதான், மூன்று செவ்வாய்க்கிழமைகளில் கேட்ட அந்தப் பெயருக்கு ஒரு முகம் வந்தது. வைத்தியர் கேட்டார், இதற்கு முன்னர் எங்கேயாவது நெஞ்சுப் படம் எடுத்திருக்கிறாரா என்று. நான் அதைத் தமிழில் கேட்க முன்னரே கேள்வி அவருக்கு விளங்கியிருந்தது. அவ்வளவு பிரெஞ்சு அவருக்குத் தெரியும். என்னிடம் மெல்லச் சொன்னார்: "இல்லை எண்டு சொல்லு பிள்ளை. நீ தொண்டுக்கு வந்தனி. உனக்கேன் கரைச்சல்."

நான் வைத்தியரிடம் திரும்பி, இல்லை என்று சொன்னேன். மொழிபெயர்ப்பாளராக நான் சொன்ன முதல் சொல் அதுதான்.

அவருடைய ஒரு நுரையீரலின் மேற்பகுதி கெட்டுப்போனது. தையில் பிடித்திருந்தால் கெட்டிருக்காது. அவருடன் ஒரே அறையில் இருந்த ஐந்து பேர், குசினியில் நின்றவர்கள், எங்கள் வீடு என்று எல்லோரையும் சோதித்தார்கள். உன் முன்கையில் ஊசி போட்டு மூன்று நாள் கழித்துப் பார்த்தபோது, போட்ட இடம் சிவந்து தடித்திருந்தது. எனக்கும் அப்பாவுக்கும் ஒன்றுமில்லை. நெஞ்சுப் படத்தில் நீ சுத்தமாக இருந்தாய். கிருமி உள்ளே தூங்குகிறது, மூன்று மாதம் மருந்து கொடுத்தால் எழும்பாது என்றார்கள். காலையில் வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும். விற்றமின் என்று உனக்குச் சொன்னேன். அந்த மருந்தில் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். நீ கழிவறையில் இருந்து "அம்மா, நான் ஒறேஞ் ஜூஸ்!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாய். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சிரித்தேன்.

அப்பா அவரைப் பற்றிச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தெரிஞ்சு கொண்டுதான் வந்திருக்கிறான். கசத்தை வைச்சுக்கொண்டு என்ரை பிள்ளையை மடியில வைச்சிருந்தவன். இனி இந்தப் படியில ஏறினால் காலை முறிப்பன்." பிள்ளைக்கு வந்த பயத்தில் சொன்னார், உன் அப்பா கெட்டவர் இல்லை. ஆனால் அது கடைத் தெருவுக்கும் போனது. கஃபேயில் அவரைத் திருப்பி எடுக்கவில்லை. அறையில் இருந்தவர்கள் சாமானைக் கட்டி வெளியே வைத்தார்கள். அவர் நகரத்துக்கு வெளியே கார்ஜ் லே கொனெஸுக்குப் போனார். தனக்கு நோய் இருப்பது அவருக்குத் தெரியாது, அவருடைய கடிதத்தை நான்தான் பொண்டிக்கு அனுப்பினேன் என்று அப்பாவிடம் ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். நான் சோறு பரிமாறிக்கொண்டிருந்தேன்.

இனி நான் எழுதுவது நீ வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியது. மற்றது எல்லாம் பழைய கதை என்று நீ விட்டாலும், இதை விடக்கூடாது. புரட்டாதியில் பள்ளிக்கூடம் தொடங்கியது. இன்னும் மூன்று கிழமை மருந்து மிச்சம் இருந்தது. ஒருநாள் நீ பள்ளிக்கூடத்தில் விழுந்து அழுதிருக்கிறாய். அந்த மருந்து கண்ணீரையும் நிறமாக்கும். உன் வெள்ளைக் கைக்குட்டை முழுக்கச் செம்மஞ்சள். பிள்ளை ஏதாவது மருந்து எடுக்கிறதா என்று ஆசிரியை கொப்பியில் எழுதி அனுப்பியிருந்தார். இரண்டு வரிதான். அதை வாசித்ததும் எனக்கு வந்த பயத்தை உனக்கு எப்படிச் சொல்வது? உன் வகுப்பில் நாலு தமிழ்ப் பிள்ளைகள். இன்று ஆசிரியைக்குத் தெரிந்தால் நாளை அந்தத் தாய்மாருக்குத் தெரியும். அவருடைய சாமானைக் கட்டி வெளியே வைத்ததுபோல உன் கதிரையையும் வெளியே வைப்பார்கள் என்று நினைத்தேன். தெரு முனையில் நின்று, இது வெட்கப்படுகிற நோய் இல்லை என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் நான். அன்றிரவு உனக்கு மருந்து வைக்கும் கரண்டியைக் கழுவி உள்ளே வைத்தேன், பிறகு எடுக்கவில்லை. மிச்ச மருந்தை எறிந்தேன். விற்றமின் என்று கொப்பியில் பதில் எழுதினேன். வைத்தியரிடம், முழுக்கக் கொடுத்து முடித்துவிட்டேன் என்றேன். அவர் என்னை நம்பி, சிகிச்சை பூரணம் என்று கார்னேயில் எழுதிக் கையெழுத்து வைத்தார். அந்தப் பக்கத்தைத்தான் கிழித்தேன், பள்ளிக்கூடத் தாதி பார்த்துவிடுவார் என்று. இன்று காலை ஒட்டிய பக்கமும் உண்மை சொல்லவில்லை, ராசா. அதில் பூரணம் என்று இருக்கிறது. பூரணம் இல்லை.

பதினாறு வருடங்களாக உன் ஒவ்வொரு இருமலையும் எண்ணியிருக்கிறேன். பரீட்சைக் காலத்தில் நீ மெலிந்தபோது, விளையாடிவிட்டு வேர்வையோடு வந்தபோது, தூங்கும்போது கதவடியில் நின்று உன் மூச்சைக் கேட்டிருக்கிறேன். என்னம்மா, பேய் மாதிரி நிக்கிறீங்கள் என்று கேட்பாய். இப்போது நீ ஸ்தேனில் தனி அறையில் இருக்கிறாய், கேட்க முடியவில்லை. அது உள்ளே எழும்பிவிட்டதா, இன்னும் தூங்குகிறதா என்று எனக்குத் தெரியாது. அந்த மூன்று கிழமைக்கு என்ன விலை என்பதும் தெரியாது. ஒரு தடவை வந்தால் மருந்து எடுத்த பிறகும் இரத்தச் சோதனை அப்படித்தான் காட்டும், அதனால் மட்டும் பயப்பட வேண்டியதில்லை என்று மற்றத் தாய்மாருக்கு நான் நூறு தடவை சொல்லியிருப்பேன். எனக்கே சொல்லிப் பார்த்தேன், உதவவில்லை.

அந்தக் கதை முடிந்த சில மாதங்களில் சங்கம் எனக்குச் சம்பளத்துடன் வேலை தந்தது. ஏன் தெரியுமா? அவருடன் பழகிய எல்லோரையும் மூன்றே நாளில் தேடிப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினேன் என்று. "இவளைப்போல ஆட்களைத் தெரிந்தவர் யாரும் இல்லை" என்று கூட்டத்தில் மொனிக் எழும்பி நின்று கை தட்டினார். அந்தச் சம்பளத்தில்தான் உனக்குச் சைக்கிள் வாங்கினோம். இப்போது புதிதாக வரும் தொண்டர்களுக்கு நான்தான் பயிற்சி கொடுக்கிறேன். "கடதாசிக்குப் பொருந்துகிற பெயர் எங்களுக்கு வேண்டாம், ஆளைத் தேடிப் பிடிக்கிற பெயரும் இலக்கமும் எழுதுங்கோ, எங்கடை பட்டியல் வேறை ஒருத்தருக்கும் போகாது எண்டு அவைக்குச் சொல்லுங்கோ" என்று சொல்லிக் கொடுக்கிறேன். போன வருடம் ஒரு பெண் கேட்டாள்: "அன்ரி, மாறி எழுதி எப்பவாவது பிழைச்சிருக்கோ?" கேள்விப்பட்டிருக்கிறேன் என்றேன். மொனிக் ஓய்வு எடுத்துப் போய்விட்டார். யாருக்கும் கிடைக்காத அந்தப் பெயர் பழைய கோப்பு ஒன்றில் இன்னும் இருக்கிறது, எதிரே மொனிக்கின் சின்ன எழுத்தில் "தொடர்பு இல்லை" என்று. அந்தக் கோப்பு இருக்கும் அலுமாரிக்கு முன்னால்தான் என் மேசை.

குருவாசோன் மாமாவை அதன் பிறகு ஒரே ஒரு தடவை நேருக்கு நேர் சந்தித்தேன், அடுத்த வருடம், மரக்கறிக் கடை வாசலில். மூச்சு வாங்க நின்று நின்று நடந்து வந்தார். விலகிப் போக இடம் இருக்கவில்லை.

"பெடியன் சுகமோ?" என்று கேட்டார்.

"சுகம் அண்ணை."

"மருந்து முழுக்கக் குடிச்சவனோ?"

உலகத்தில் என்னிடம் அதைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். உன் அப்பாகூடக் கேட்கவில்லை. "ஓம்" என்றேன்.

"அதுதான் வேணும்" என்று சொல்லிவிட்டு, கையில் வைத்திருந்த பையில் இருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து உனக்கு என்று தந்தார். நான் அதை வீட்டுக்குக் கொண்டு வரவில்லை. மெற்றோப் படியடியில் வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அவரைத் தூரத்தில் கண்டால் மற்றப் பக்கத்துக்குத் தெருவைக் கடந்துவிடுவேன். அவரும் கண்டிருப்பார்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இனி வாய் இல்லை. ஆனாலும் நீ தாதியாக வேலைக்குப் போகிறாய், நான் கற்ற ஒன்றே ஒன்று உன்னிடம் இருக்கட்டும். ஒரு ஆள் உனக்கு முன்னால் நின்று தன்னைப் பற்றி ஒன்று சொன்னால், அவருக்கு எது நல்லது என்று நீ நினைப்பதை அதன் மேல் எழுதாதே. சொன்னதை எழுது, விளங்காவிட்டால் திருப்பிக் கேள். நாங்கள் கருணை என்று செய்வதில் பாதி எங்கள் சொந்தப் பயம். அந்தக் கிழவரைப் பற்றி யாரிடமாவது சொல்லியிருந்தால், போய் அதைத் திருப்பி எடு. அவர் முகமூடியைக் கழற்றி எறிந்தது மூச்சு முட்டியதால் இருக்கும். நீ அவரைக் காண முன்னரே உன் பங்குக் கிருமியை வாங்கியிருந்தாய்.

இதை எழுதி முடித்ததும் மின்னஞ்சலில் உனக்கு அனுப்ப வேண்டும் என்றுதான் காலையில் நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை. இன்று செவ்வாய். நாளை சுகவீனம் என்று சங்கத்துக்குச் சொல்லிவிட்டு, ரயில் ஏறி கார்ஜ் லே கொனெஸுக்குப் போகப்போகிறேன். உன் அப்பாவுக்குச் சொல்லவில்லை, வேறு எவருக்கும் சொல்லவில்லை. அவருடைய கட்டடம் எது என்று எனக்குத் தெரியும், எந்த மாடி என்றும் தெரியும். எங்கள் பட்டியலில் இருக்கிறார், அவருடைய சொந்தப் பெயரில். இந்தக் கடிதத்தை முதலில் அவருக்கு வாசித்துக் காட்டுவேன், ஒரு வரியும் விடாமல், அவர் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன "ஓம்" உட்பட. அன்று ஆஸ்பத்திரியில் அவருடைய வாயாக நின்று அவருடைய கதையை அழித்தவள் நான். அவர் காதில் விழ முன்னர் அதை இன்னொரு தடவை உனக்கு எழுதித் தர எனக்கு உரிமை இல்லை. அவர் கதவைத் திறக்காமல் விடலாம். திறந்து, உன் அப்பா சொன்னதை எனக்குச் சொல்லலாம். நான் படியிலேயே திரும்பி இறங்கிவிடவும் கூடும். ஆனாலும் வியாழன் காலை இந்தக் கடிதத்தோடும் கார்னேயோடும் உன் வைத்தியரின் வாசலில் உனக்கு முன்னரே நிற்பேன்.

மேலே ஓரிடத்தில் புள்ளிகள் போட்டு விட்டிருக்கிறேன் அல்லவா? அந்த இடத்துக்கு வரும்போது வாசிப்பதை நிறுத்திவிட்டு, எந்தப் பேர் எழுதட்டும் அண்ணை என்று கேட்பேன். அவர் சொல்லும்வரை பேனையின் மூடியைக் கழற்ற மாட்டேன்.

அம்மா